கையெழுத்து வைத்து வாங்கிய சொந்தச் சப்பாத்து

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ரொறன்ரோவில் கனடாக் கடவுச்சீட்டு கையில் கிடைத்து இரண்டு மாதம். தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனேன். எட்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

அவனுக்கு அகதி வழக்கு முடியவில்லை. தன் மாவட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். கடிதம் இல்லாமல் பிடிபட்டால் வழக்குக்குக் கூடாது. ஆனால் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பழைய நகரம் இருந்தது. கனடாவிலிருந்து வந்தவனுக்கு அதைக் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். பின்னேரம் அவனுக்கு உணவகத்தில் வேலை. அரை நாள்தானே, ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றான். கடிதம் இல்லாமலே பஸ் ஏறினோம்.

கல் பதித்த தெரு. சரிந்த மரவீடுகள். அறுநூறு வருடம் பழையவையாம். நான் வீடுகளைப் பார்த்தேன். அவன் பொலிஸ் வருகிறதா என்று பார்த்தான்.

நடுவில் பெரிய தேவாலயம். சாமி இருக்கிற இடம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். ஆறு வருடம் அந்த நாட்டில் இருந்த தம்பியும் கழற்றினான். வேறு எவருடைய சப்பாத்தும் அங்கே இல்லை. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் ஒன்றுமில்லை. கல் ஐஸ் மாதிரி இருந்தது. பொலிஸிடம் போகவும் முடியாது. சொக்ஸோடு நின்றோம்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற வயதான அம்மா ஒருவர் வந்தார். எங்கள் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்துப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார். அகதிகளுக்குக் கொடுக்கச் சேர்த்த பழைய உடுப்புகள் குவிந்து கிடந்தன. மேசையில் எங்கள் இரண்டு சோடிச் சப்பாத்தும் இருந்தன. ஊர்ச்சனம் பழையதுகளைத் தேவாலய வாசலில் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கமாம்.

அது எங்களுடையது என்று தம்பி ஜெர்மன் மொழியில் சொன்னான். ஓம், இனி உங்களுடையதுதான் என்று அவர் தட்டிக்கொடுத்தார். குனிந்து என் காலோடு வைத்து அளவு பார்த்தார். அச்சொட்டாக இருந்தது. அவருக்குப் பெரிய சந்தோசம்.

நான் விளக்கலாம் என்று வாயெடுத்தேன்.

"அண்ணை, ஒண்டும் கதையாதை. தாறதை வாங்கிக்கொண்டு நடப்பம்."

பிறகு அவர் ஒரு கொப்பியை விரித்தார். வாங்குகிறவர் பெயர், விலாசம் எழுத வேண்டும். தம்பியின் முகம் செத்துப்போனது. எழுதினால் அவன் எல்லை தாண்டியதற்கு அவன் கையெழுத்தே சாட்சி.

பேனையை நான் வாங்கினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தாக என் பெயரையும் ரொறன்ரோ விலாசத்தையும் எழுதி, இரண்டு சோடிக்கும் நானே கையெழுத்து வைத்தேன்.

அவர் வாசித்தார். "கனடா?" என்றார். என் சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய்த் தடித்த கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு மாட்டிவிட்டார். கனடாவில் குளிர் கூட என்று கேள்விப்பட்டிருக்கிறாராம்.

பஸ் அவனுடைய மாவட்டத்துக்குள் வரும்வரை தம்பி பொலிஸ் வருகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். வந்ததும் சிரிக்கத் தொடங்கினான்.

"சொந்தச் சப்பாத்தைப் பிச்சை வாங்கின ஆக்கள் உலகத்திலை நாங்கள் ரெண்டு பேர்தான்."

அடுத்த வருடம் அவனுக்கு வழக்குச் சரிவந்தது.

அந்த அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கொப்பியை மறக்க முடியவில்லை. இப்போது ரொறன்ரோவின் ஸ்காபுரோப் பகுதியில் புதிதாக வருகிறவர்களுக்குக் குளிர் உடுப்புச் சேர்த்துக் கொடுக்கிறோம். நான் ஒருவரிடமும் பெயரோ விலாசமோ கேட்பதில்லை, காலின் அளவு மட்டும் கேட்கிறேன்.