என் நெஞ்சும் அவள் கணுக்காலும்

என் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. உடனடி ஆபத்து ஒன்றுமில்லை, மாத்திரையில் வண்டி ஓடுகிறது. ஆனால் அது நெஞ்சுக்குள் எழுப்பும் சத்தம் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தோதாக இருக்கிறதாம். ஆண்டுக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். சிங்கப்பூரில் பேருந்து ஓட்டிய காலத்திலேயே லீவு போட்டுவிட்டுப் போவேன். சட்டையைக் கழற்றிச் சாய்ந்து படுத்தால் போதும். எனக்கு என்ன நோய் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும், நான் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு அது பெரிய தண்டனை.

மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து நகத்தைப் பார்ப்பார்கள், கையைத் தூக்கி நாடி பிடிப்பார்கள், கழுத்து நரம்பு எவ்வளவு உயரத்தில் துடிக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். கடைசியில் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது, இதயம் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பார் பேராசிரியர். பதினைந்து வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம். என் மனைவி கூடவே வந்து வெளியில் உட்கார்ந்திருப்பாள். "பொண்ணு பார்க்க வந்தப்ப இல்லாத கிராக்கி, இப்ப உங்க நெஞ்சுக்கு" என்று கிண்டல் செய்வாள்.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டுப் பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள், லிப்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். செருப்பைக் கழற்றியபோது பாதத்தில் வார் பதிந்த தடம் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து அவள் கணுக்காலை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. நிமிர்ந்து கழுத்தைப் பார்த்தேன். காதுக்குச் சற்றுக் கீழே, இருக்கக் கூடாத உயரத்தில் நரம்பு துடித்தது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"பெரிய டாக்டர் லா நீங்க. படுத்துக் காட்டினவங்க எல்லாம் டாக்டர் ஆயிட முடியுமா? தீபாவளி முடியட்டும். பேரப்பிள்ளைங்க வர்றாங்க, பலகாரம் யாரு செய்யறது?"

நான் சிரித்துவிட்டேன். நான் செய்த பாவம் அதுதான். எங்கள் வீட்டில் இதய நோயாளி என்றால் நான்தான். மாத்திரை டப்பா எனக்கு, உப்புக் குறைத்த குழம்பு எனக்கு. அவள் என்னைப் பார்த்துக்கொள்கிறவள், அவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டிருந்தால் மனது ஆறியிருக்கும். தெரிந்தே விட்டேன்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கிருந்த டாக்டர், "கொஞ்ச நாளாவே கால் வீங்கியிருக்குமே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

இந்த வருடமும் பாடத்துக்குக் கூப்பிட்டார்கள். மகன் வேண்டாம் என்றான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு அங்கே போய்ப் படுக்கலாம் என்று கிளம்பிவிட்டேன். என்னைப் பரிசோதிக்க வந்தது ஒரு தமிழ்ப் பெண். நாடி, கழுத்து, நெஞ்சு என்று எதையும் விடாமல் பார்த்தாள். கணுக்காலை லேசாகத் தொட்டுவிட்டு நகரப் போனாள்.

"நல்லா அழுத்திப் பாரும்மா" என்றேன்.

அழுத்தினாள். குழி விழவில்லை. பிறகு தாளை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"ஃபேமிலில வேற யாருக்காச்சும் ஹார்ட் ப்ராப்ளம் இருந்துச்சா அங்கிள்?"

"என் மனைவிக்கு. அதுலதான் போயிட்டா."

பேனா நின்றது. பின்னால் நின்ற பேராசிரியரை ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாரி அங்கிள். இதுல ரத்த சொந்தம் மட்டும்தான் எழுதணும். வைஃப் கணக்குல வராது."

"சரிம்மா. அப்ப யாரும் இல்லைன்னு எழுதிக்க" என்றேன்.