ஒன்று பத்துக்கு அறுந்த இணைப்பு

கூடத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி, "போச்சு! மறுபடியும் போச்சு!" என்று மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிவப்புக் குறி. அவளோடு பேசிக்கொண்டிருந்த நோயாளியின் குரல் பாதியில் நின்றுபோயிருந்தது.

பக்கத்தில் முக்காலியில் இருந்த மெக்கானிக் அசையவில்லை. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர்களின் குறை தீர்ப்பவர். எல்லோருக்கும் 'நெட் அண்ணன்'. "மெஷின் முனகினா உங்க காதுல விழுது, நான் கத்தினா விழல" என்பாள் அவர் மனைவி. அதில் பாதி உண்மை. நெட் வயர் நுனியின் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திப் பிடுங்கும் சத்தத்தை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார். இப்போது கேட்டது அதுதான்.

"பாத்தீங்களாண்ணா? ரெண்டு தடவை வந்து டிரைவரை மாத்தினீங்க. மாத்தி என்ன புண்ணியம்?" அவள் குரல் உடைந்தது. "மூணு மணிக்கு எங்க ஆபீஸ் மேடம் கூப்பிடுவாங்க. என்ன கோளாறுன்னு எழுத்துல குடுக்கலைன்னா நாளையிலேர்ந்து எனக்கு வேலை இல்லண்ணா!"

ஒரு மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யும் வேலை அவளுக்கு. கணவன் கப்பலில், நிலத்தைப் பார்த்தே மூன்று மாதம். வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும்.

நெட் அண்ணன் கம்ப்யூட்டரில் டிரைவரின் பதிவேட்டைத் திறந்தார். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் வயருக்கும் நடுவே நின்று பேச்சுவார்த்தை நடத்தும் சின்ன மென்பொருள். இணைப்பு எப்போது அறுந்தது, எப்போது வந்தது என்று நிமிடக் கணக்காக எழுதிவைக்கும். திங்கள், ஒன்று பத்து: அறுந்தது. ஒன்று முப்பத்தைந்து: வந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. ஞாயிறு மட்டும் ஒன்றுமில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. முன்பு வந்தபோதெல்லாம் 'பிழை' என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் டிரைவரைக் கழற்றி எறிந்தாரே தவிர, பக்கத்திலிருந்த நேரத்தைப் படிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன சாட்சியையே இரண்டு முறை துரத்தியிருக்கிறார்!

"இரும்மா, கூடத்துல பாத்துட்டு வர்றேன்."

கூடத்தில் மேசைமேல் இரண்டு தட்டுகள். நெட் பெட்டியருகே மாமியார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, கையில இருக்கறதைக் குடுங்க."

"இதுவா தம்பி? கரண்டி."

"இன்னொரு கையில?"

மாமியார் வயரை மெல்ல வெளியே எடுத்தார். "காலையில எட்டு மணிக்கு உக்கார்றா. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா 'இன்னும் ஒரே ஒரு கால் அத்தை'ங்கறா. அந்த ஒரே ஒரு கால் நாலு மணி வரைக்கும் போகுது. இதைப் பிடுங்கினா எழுந்து வந்துடறா. சாப்பிட்டு அவ கை கழுவப் போறப்ப சொருகிடுவேன். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"அவ வேலையே போகப் போகுதும்மா. இன்னிக்கு மூணு மணிக்கு."

மாமியாரின் முகம் வெளிறியது. "ஐயோ... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! தம்பி, நீயே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடேன்."

நெட் அண்ணன் மாட்டேன் என்று தலையசைத்தார். "நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது பாசம். போங்கம்மா."

கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாமியார் உள்ளே போனார். நெட் அண்ணன் வயரைச் சொருகிவிட்டுப் பின்னாலேயே போனார்.

"நீங்களா அத்தை? தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை இல்ல. அன்னிக்குத்தான் நீயே வந்துடறியே." மாமியாரின் கண்ணில் பொலபொலவென்று நீர். "அவன் கடல்ல கிடக்கான். நீ கதவுக்கு அந்தப்பக்கம். ஒத்தையா உக்காந்து சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குதுடி."

மருமகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பு பீறிட்டது. "இது தெரியாம அந்த டிரைவரைத் தினமும் கரிச்சுக் கொட்டினேனே!"

"நீ திட்டினதோட சரி. நான் ரெண்டு தடவை வீட்டை விட்டே அனுப்பினேன்" என்றார் நெட் அண்ணன்.

சீட்டெடுத்து எழுதினார்: 'டிரைவரில் பிழை இல்லை. முன்பு அப்படிச் சொன்னது என் தவறு. கூடத்தில் வயர் கழற்றப்பட்டது. இனி கழற்றப்படாது.' மருமகள் அதற்குக் கீழே, 'தினமும் ஒன்று பத்துக்குச் சாப்பிட எழுந்துவிடுவேன்' என்று சேர்த்துப் படமெடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினாள். மூன்று பேரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதில் வந்தது. 'சரி. ஆனால் இன்னொரு முறை அறுந்தால் பேச்சே இல்லை. முதலில் போய்ச் சாப்பிடு.'

மாமியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "தம்பி, நாளைக்கு மறுபடியும் 'ஒரே ஒரு கால்'னு சொன்னா என்ன பண்றது?"

நெட் அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளிருந்து மருமகளின் குரல் அதட்டியது: "அத்தை! தட்டு போட்டு எவ்வளவு நேரம்? எல்லாம் ஆறுது, வாங்க!"

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

நெட் அண்ணன் ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தார். கதவு அவர் முகத்துக்கு நேராகப் படாரென்று சாத்திக்கொண்டது.