மழைக்கு உள்ளே போன அடுப்பு

றெஜினா அக்கா அந்த அடுப்பை ஏன் குசினிக்குள் எடுத்தார்? இந்த நினைவு மலருக்கு எழுத உட்காரும்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. விடை எனக்குத் தெரியாது.

சாவுச் செய்தி தொலைபேசியில் வந்தது. கோயிலில் அவரோடு பாடும் பெண் ஒருவர், "றெஜினா ரீச்சர் மோசம் போட்டா. ஹார்ட் எண்டு சொல்லுகினம்" என்றார். நான் கரம்பொனில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. குசினி நடுவில், கரி போட்டு மீன் சுடும் பாபிகியூ அடுப்பு நின்றது. அவரைத் தூக்கியவர்கள்தான் யன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிரேத பரிசோதனை முடிந்து உடல் வந்தபோது, கரியின் நச்சு வாயுதான் காரணம் என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. ஆனாலும் ஊரில் 'ஹார்ட்' என்ற சொல்லே நின்றுவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கு, இது அவருக்கு எவ்வளவு பொருந்தாத சாவு என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரே பாடசாலையில் அவர் மனையியல் படிப்பித்தார், நான் இரசாயனவியல். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் இரும்பு அடுப்புகளையும் கொண்டுவரத் தொடங்கியபின், ஊர்காவற்றுறைப் பட்டினத்தில் வேலியோடு வேலி முட்டும் வளவுகளில் கணவாயும் இறாலும் சுடுவது வழக்கமாயிற்று. ஒரு வீட்டில் கிடுகு வேலி பற்றிக்கொண்டது. அதன் பிறகு பங்குக் கோயில் மண்டபத்தில் நாங்கள் இருவரும் ஒரு செயல்விளக்கம் வைத்தோம். கரி எரியும்போது மணமில்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வரும் என்று நான் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் கொட்டாவி. அக்கா எழும்பினார்.

"இந்த அடுப்பு வீட்டுக்குள்ள வாறதெண்டால் நீங்கள் வெளியில படுக்கவேணும். ரெண்டு பேருக்கும் உள்ளுக்கை இடமில்லை."

மண்டபம் சிரித்தது. ஆனால் ஒருவரும் மறக்கவில்லை.

ஒரு பிறந்தநாள் வீட்டில் அந்த வீட்டு மருமகன் கரிக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றப் போனார். போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு, "தம்பி, மீனைச் சுடப்போறீரோ, மாமியாரைச் சுடப்போறீரோ?" என்று கேட்டார் அக்கா. மாமியாரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அக்கா அடுப்பை வேலியிலிருந்து தள்ளிவைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலையும் வைத்துவிட்டு, சிரட்டைக்கரியைத் தானே மூட்டினார். சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் மட்டும் சாம்பல் ஆறும்வரை கதிரை போட்டு அடுப்புக்குக் காவல் இருந்தார். தூறியபோது குடையை விரித்தாரே தவிர, எழும்பவில்லை.

அதனால்தான் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் கூடுதல். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டிலேயே மீறுவார் என்றால், அந்த மண்டபத்தில் நான் யாரை நம்பிப் பக்கத்தில் நின்றேன்? அன்று பின்னேரம் அவர் வீட்டில் தனியே இருந்தார். கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி அன்ரனி குடும்பத்தோடு பூசைக்குப் போயிருந்தார். பூசைக்குப் பிறகு உறவினர் சிலரும் சாப்பிட வருவதாக இருந்தது. அவர்களுக்காக அக்கா மீன் சுட்டுக்கொண்டிருந்தார். மழை வந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது அன்ரனி, "மாரடைப்பெண்டே போடுங்கோ ரீச்சர். அக்காவுக்கு அதுதான் மரியாதை" என்றார். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. மாரடைப்பென்று அச்சிட்டால், அடுத்த மழைக்கு வேறு யாரோ அடுப்பை உள்ளே எடுப்பார்கள். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் மண்டபத்தில் சொன்னதைத்தான். குசினியில் செய்ததை என்னால் இன்னும் மன்னிக்க ஏலவில்லை.

இவ்வளவையும் எழுதி அன்ரனியிடம் கொடுத்தேன்.

அடுத்த நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு சொல்லையும் வெட்டவேண்டாம், தான் சொல்லப்போவதையும் சேர்த்துப் போடவேண்டும் என்றார். அன்று பூசை முடிந்து, மழைக்குக் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றபோது அக்காவுக்குப் போன் எடுத்தாராம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், மீன் பழுதாகாமல் அடுப்பை உள்ளே எடுத்து, சாரல் அடிக்காமல் கதவைச் சாத்தும்படியும் சொன்னாராம்.

அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"முதல் ஏலாதெண்டு சொன்னவ. இத்தனை வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன், எனக்காக இதைக்கூடச் செய்யமாட்டீங்களோ எண்டு கேட்டனான்," என்றார். "பிறகு ஓமெண்டு சொன்னவ."