சின்னக் குவளையும் பொதுப் பாத்திரமும்

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் திருவிருந்துத் திராட்சரசத்துக்கு ஆளுக்கொன்றாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகள் வந்தன. கொண்டுவந்தவள் நான்தான். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆயர் ஒரே பாத்திரத்தை எல்லார் வாயிலும் வைப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கமிட்டியில் சண்டை போட்டு ஜெயித்தேன். பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எதிர்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "ஒரே பாத்திரத்துல குடிக்கறதுதாங்க ஐக்கியம்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற பிறகும் ஆராதனைக்கு வருவார். ஆனால் மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கடைசி பெஞ்சிலேயே இருந்துவிடுவார். வீம்பு என்று நினைத்தேன். அவருக்காகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களும் உட்கார்ந்துகொண்டன. இரண்டு வருஷத்தில் பேச்சு முற்றி, வாடகைக்கு ஒரு ஹாலைப் பிடித்துத் தனியாக ஆராதனை நடத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். போகட்டும், விட்டது தொல்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பௌர்ணமி வந்தது. செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலம் போகிறவர்களோடு நானும் நடந்தேன். பாதி வழியில் முட்டி மக்கர் பண்ணியது. ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், உள்ளே வாத்தியாரின் மனைவி.

"உள்ள வாங்க சிஸ்டர், இந்தக் கூட்டத்துல எங்க போவீங்க?"

வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் டீ வந்தது.

"சாருக்கு?"

"நான் அப்புறம் குடிக்கறேங்க."

மடியில் கிடந்த அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. நடுக்குவாதம். எத்தனை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன்! வாராவாரம் அதே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் எனக்கு அவர் வீம்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "பாத்திரம்னா ஆயரே வாயில வெச்சுடுவாருங்க. குவளைய நானேதான புடிக்கணும்? கர்த்தருடைய ரத்தம்னு குடுக்கறாங்க. அத எல்லார் முன்னாடியும் சட்டையில கொட்டிக்கவா?"

"சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்போமே சார்."

"பாவம்னு பண்ணுவீங்க. அது வேணாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

(இப்போது எழுத அனுமதி தந்தவரும் அவர்தான்.)

அடுத்த கமிட்டியில் நானே எழுந்து, விருப்பப்பட்டவர்களுக்குப் பீடத்தின் வலது பக்கம் பொதுப் பாத்திரமும் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. எனக்காக முன்பு தொண்டை கிழியப் பேசிய ஒரு அம்மாதான் முதலில் சிரித்தாள்.

"என்ன சிஸ்டர், கட்சி மாறிட்டீங்களா? கிருமியெல்லாம் செத்துப்போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். தீர்மானம் ஒருவழியாக நிறைவேறியது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரும் அந்தப் பாத்திரத்தின் பக்கம் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள் என்று ஆனால், தனி ஹால் எதற்கு? ஒரே கூரைக்குள்ளேயே இரண்டு சபை ஆகிவிடும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

முதல் ஞாயிறு. வாத்தியார் மெதுவாக எழுந்து வலது பக்கம் போய் முழங்காலிட்டார். நானும் எழுந்து போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஆயர் பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்தார். இரண்டு வருஷம் கழித்துக் குடித்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. ஆயர் விளிம்பைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார், என்னைப் பார்த்ததும் தயங்கினார். நான் வாயைத் திறந்தேன். நன்றி ஆண்டவரே என்பதைத் தவிர எந்த ஜெபமும் வரவில்லை. அதுவரை கிருமியைத் தவிர வேறெதையும் நான் அந்தப் பாத்திரத்தில் பார்த்ததில்லை.

எழுந்து திரும்பினேன். கமிட்டியில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த அம்மா, என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல், நான் எழுந்த இடத்தில் முழங்காலிட்டாள்.