இசை என்ற இடத்தில் என் பெயர்

வசனத்தை மறந்த நடிகருக்கு அரை நிமிஷம்தான் வியர்க்கும். எடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருக்கும் ப்ராம்ப்டருக்குத் திரை திறந்ததிலிருந்து மூடும்வரை வியர்க்கும். பிள்ளை உள்ளே பரீட்சை எழுத, பள்ளிக்கூட வாசலில் நின்று நகம் கடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் தொழிலை நான் விளக்க வேண்டியதில்லை.

தாம்பரத்தில் ஒரு சிறிய நாடகக் குழுவில் முப்பது வருஷமாக நான் ப்ராம்ப்டர். சைடில் ஒரு ஸ்டூல், ஒரு சின்ன விளக்கு, மடியில் ஸ்கிரிப்ட். ஆர்மோனியம் நானாகவே பழகிக்கொண்டதால், பதினோரு நாடகங்களின் நோட்டீஸில் 'இசை' என்ற இடத்திலும் என் பெயர் வந்தது. அவற்றில் ஒரு மெட்டுகூட என்னுடையது இல்லை. எல்லாம் என் மனைவி விமலா போட்டவை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. கீழே இருப்பவை எல்லாம் போன வருஷம் ஒரே ஒரு நாடகத்தால் நான் பட்ட பாடு.

எனக்குத் தெரிந்த ஒருவர்

வரதன் சார் எங்கள் குழுவின் டைரக்டர், எழுதுவதும் அவர்தான். அடுத்த நாடகத்துக்குக் கதை அமையவில்லை என்று கிழக்குத் தாம்பரம் டீக்கடையில் ஒரு மாலை புலம்பினார். உள்ளே கிடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. முழுதாகச் சொல்லத் தைரியம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் என்று ஆரம்பித்தேன். நாடகக் குழுவைப் பஜனைக் குழுவாக மாற்றினேன். மனைவி சமையலறையில் முனகிய மெட்டை அவர் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நோட்டீஸில் அவர் பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

துக்கமான கதை என்று நினைத்துத்தான் சொன்னேன். வரதன் சார் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். அந்த ஆளை ஒரு கல்யாண வீட்டில் புதுசாக ஒரு மெட்டுப் போடச் சொன்னால் எப்படி முழிப்பார் என்று நின்ற இடத்திலேயே ஒரு காட்சி பிடித்துவிட்டார். பெயரும் வைத்தாயிற்று: 'மாப்பிள்ளை போட்ட மெட்டு'. பிறகு என் தோளைத் தட்டிக் கேட்டார்: "அந்த மனுஷன் இன்னும் இருக்காரா? வரச் சொல்லுங்க, முதல் வரிசையிலேயே சீட் போட்டுடலாம்."

இரண்டு மாத்திரை இடைவெளி

நான் பயந்தது நடந்தது. நாடகத்துக்கு நான்கு பாட்டு வேண்டும், நீங்கள்தான் போட வேண்டும் என்றார். விரல் மடங்கவில்லை என்றேன். அவர் விடவில்லை. வீட்டில் ஒரு பழைய கேசட் இருந்தது. விமலா காய் நறுக்கிக்கொண்டே பாடியதை அவளுக்குத் தெரியாமல் பதிந்து வைத்தது. கேட்டதை ஸ்வரமாக எழுதிக்கொள்வேன். என் சங்கீதம் அவ்வளவுதான். நாலு மெட்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

கீபோர்டு வாசிக்க வந்தவள் நந்தினி. பொத்தேரியில் தங்கி மேல்படிப்பு படிக்கிறாள், கூர்மையான காது. மூன்றாவது பாட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தடுமாறினாள். வரி பாதியில் நிற்கிறது, இரண்டு மாத்திரை மௌனம், பிறகு தொடர்கிறது. ஏன் என்று எனக்கும் புரியாமல் வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. விமலா நிறுத்தி, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள். விசிலை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் நான் ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

அடித்துவிடலாம் என்று மறுநாள் ஓடினேன். அதற்குள் வரதன் சாருக்கு அந்த மௌனம் பிடித்துப்போய், அதில் கதாநாயகன் திருதிருவென்று விழிப்பதாக வைத்துவிட்டார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நந்தினி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், தப்பா நினைக்காதீங்க, இதை உக்காந்து போட்ட மாதிரியே இல்ல. ஏதோ வேலை பாத்துக்கிட்டே பாடின மாதிரி இருக்கு."

ஒட்டாத வசனம்

ஒத்திகை சேலையூரில், குடியிருப்போர் சங்கத்து ஹாலில். கணவனாக நடித்தவர் மனோகர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். மூன்று பக்க வசனத்தை மூச்சுவிடாமல் பேசுவார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிடுவார். கணவன் நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டி, "அச்சடிச்சுட்டாங்க, இனிமே என்ன பண்றது" என்கிற இடம்.

ப்ராம்ப்டர் முதல் இரண்டு வார்த்தைதான் கொடுக்க வேண்டும். மனோகருக்கு இரண்டு வார்த்தை போதவில்லை. முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே மாலையில் ஏழு தடவை. அந்த வசனத்தை வரதன் சாருக்கு டீக்கடையில் நான்தான் சொல்லியிருந்தேன். விமலாவிடமும் நான் சொன்னது அதுவேதான், எழுத்துப் பிசகாமல். அவள் நோட்டீஸைத் தடவிப் பார்த்து, நல்ல தாளில்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். சாதம் வடிக்கப் போய்விட்டாள். ஏழாவது தடவை மனோகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சைடுக்கே வந்துவிட்டார்: "அண்ணா, இந்த ஒண்ணு மட்டும் வாயில ஒட்டவே மாட்டேங்குது. எவனாவது பொண்டாட்டிகிட்ட இப்படிச் சொல்லுவானா?"

அச்சகத்திலிருந்து போன்

நோட்டீஸ் இப்போது முதலில் போனில்தான் வருகிறது. குரோம்பேட்டை அச்சகத்திலிருந்து சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். 'இசை' என்ற இடத்தில், பன்னிரண்டாவது தடவையாக, என் பெயர். கொட்டை எழுத்தில்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். வெறுமனே விட முடியாது, வேறு பெயர் தாருங்கள் என்றார். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வரதன் சாருக்குப் போகும். அவர் அந்தப் பதினோரு நாடகத்தையும் ஒவ்வொன்றாக எண்ணுவார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை. நோட்டீஸ் அப்படியே அச்சாகிவிட்டது. கீழ்க்கட்டளையில் இருக்கும் என் மகள் சுதாவுக்கு அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மா பாடுவதைப் பார்த்து வளர்ந்த பெண், அவளுக்கு எல்லாம் தெரியும். என்னிடம் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அன்றும் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை.

மறுநாள் கட்டுகளை வாங்கப் போனபோது அச்சகத்துக்காரருக்கு என் மேல் வருத்தம்: "இன்னா சார், ஆறு மணி வரிக்கும் மிஷினை நிறுத்தி வச்சுகினு இருந்தேன். பேரு இன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நிமிசத்துல மாத்தியிருப்பேனே."

பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட அரங்கில் நாடகம். அந்த இரண்டு மாத்திரை மௌனத்துக்குச் சிரிப்பு கூரையைத் தொட்டது. சிரிக்கிறவர்களில் சுதா இருக்கிறாளா என்று திரை இடுக்கில் தேடினேன். நாலாவது வரிசையில் இருந்தாள். சிரிக்கவில்லை. கடைசிக் காட்சியில் கணவனுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்த வரும்போது, மெட்டெல்லாம் தன் மனைவி போட்டது என்று அவன் மைக்கில் உளறிவிடுகிறான். மனோகர் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

திரை மூடித் திறந்ததும் எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். "இசை" என்று சொல்லி என் பெயரைச் சொன்னார் வரதன் சார். சிறப்பு விருந்தினர் பொன்னாடையை விரித்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மைக்கின் முன்னால் போனேன். முப்பது வருஷத்தில் அந்த மைக்கின் முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை. "இந்த மெட்டு எதுவும் நான் போட்டதில்லை. என் மனைவி விமலா போட்டது" என்றேன்.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். நான் மறுபடியும் சொன்னேன். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பொன்னாடையைப் போர்த்திவிட்டார். வரதன் சார் என் காதில், "பிரமாதம் சார், அடுத்த ஷோவுலயும் இதை வச்சுக்கலாம்" என்றார்.

உள்ளே, மேக்கப் போடும் வகுப்பறையில், பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பொன்னாடையை மடிக்கக்கூடத் தெரியவில்லை. சுதா வந்தாள். அதை வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றேன். அவள் சொன்னாள்: "அவங்க நம்பறது இருக்கட்டும்ப்பா. என்கிட்ட நீங்க இன்னும் ஒரு தடவைகூட சொல்லல. இப்ப சொல்லுங்க, நான் சிரிக்க மாட்டேன்."

முப்பது வருஷம் ஊரார் மறந்த வசனத்தை எல்லாம் எடுத்துக் கொடுத்தவனுக்கு, அவன் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனத்தை எடுத்துக் கொடுக்க அவன் பெண் கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டியிருந்தது.