செவலை நக்கிய ஜெர்கின்

எங்கள் ஊருக்கு முதல் தோல் ஜெர்கின் வந்தது, நல்லவேளையாக, மார்கழி மாதத்தில். சித்திரையில் வந்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வந்த சித்தப்பாவை நாலு பேர் சேர்ந்து பஸ்ஸிலிருந்து தூக்கி இறக்கியிருக்க வேண்டும். பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூர் சாலையில் எங்கள் ஊர் விலக்கில் இறங்கி, இரண்டு பக்கமும் மக்காச்சோளத் தட்டை காய்ந்து நின்ற மண் பாதையில் அவர் நடந்து வந்தபோது மணி பதினொன்று. ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. சிரிப்பில் மட்டும் குறைவில்லை.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. சென்னைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. வெளிநாட்டுக்கு ஜெர்கின் தைத்து அனுப்புகிற கம்பெனி. ஒரு மாத லீவில் வந்திருப்பதாகச் சொன்னார். தை பிறந்ததும் அரியலூரில் அவருக்கு ஒரு பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அதற்குப் போட்டுக்கொண்டு போகத்தான் அந்த ஜெர்கின்.

தொட்டுப் பார்க்கத் தெருவே வந்தது. பழுப்பு நிறம். தோள், முழங்கை, காலர் மடிப்பு எல்லாம் வெளுத்துத் தேய்ந்து, யாரோ இருபது வருடம் போட்டு உழைத்த மாதிரி இருந்தது.

"ஏன்டா தம்பி, இவ்வளவு தூரம் போயி பழசையா வாங்கியாந்த?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"புதுசுண்ணே. பழசு மாதிரி பண்ணியிருக்கு."

"புதுச எதுக்குடா பழசாக்கணும்?"

"வெள்ளக்காரன் அப்படித்தான் கேக்குறான். பழசாத் தெரிஞ்சாத்தான் வெல சாஸ்தி. அதுக்குன்னே எங்கள உக்கார வச்சிருக்காங்க. உப்புத்தாள வச்சு நாள் பூரா தேய்க்கிறதுதான் என் வேல."

எதிர்வீட்டுக்காரர் தன் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "அப்ப இத என்ன வெலைக்கு எடுத்துக்குவான்னு கேட்டுச் சொல்லு. உப்புத்தாளு செலவு மிச்சம்."

அந்த ஜெர்கினுக்கு வலது கையைவிட இடது கை ஒரு விரற்கடை நீளம். அதனால்தான் கப்பல் ஏறாமல் எங்கள் ஊருக்கு வந்தது. மற்றபடி சித்தப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி தோளில் உட்கார்ந்தது. இடது கையை மட்டும் எப்போதும் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொள்வார், வாட்ச்சில் மணி பார்க்கிறவர் மாதிரி. அவரிடம் வாட்ச் கிடையாது.

மார்கழிப் பனியில் அதன் அருமை தெரிந்தது. விடிகாலையில் அப்பா பால் கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகும்போது சித்தப்பா கழற்றிக் கொடுப்பார். அப்பா வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வார். அப்பாவுக்கு வயிற்றருகே ஜிப் ஏறாது. திறந்தபடியே போவார். சொசைட்டியில் நின்றவர்கள், "என்னண்ணே, கரடி புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்களாம். அதைக் கோபமாகச் சொல்ல ஆரம்பித்த அப்பா, பாதியில் சிரித்துவிட்டார்.

அவர் வந்ததும் என் முறை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்கின் என் முழங்காலைத் தொடும். கைகள் இரண்டும் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கும். உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த சூடு வரும். "அது ஒஞ் சூடுதான்டா. வெளிய வுடாம புடிச்சு வச்சு ஒனக்கே குடுக்குது" என்றார் சித்தப்பா. என்னிடம் இவ்வளவு சூடு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. மக்காச்சோளம் கதிர் பிடிக்காமலே நின்றுபோனது. வீட்டை ஓட்டியது செவலைதான். செவலை எங்கள் மாடு, ஒற்றை மாடு. கார்த்திகைக் கடைசியில் கன்று போட்டிருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கன்றுக்கும் ஒரு சின்ன மாலை கட்டினோம். அதற்கு நாலாம் நாள் கன்றுக்குக் கழிச்சல் கண்டு, மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் நிற்காமல் செத்துப்போனது. அப்பா அன்றே அதைக் கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

அன்றிலிருந்து செவலை பாலை எக்கிக்கொண்டது. மடி கனத்துத் தொங்கும். அம்மா போய் உட்கார்ந்தால் ஒரு சொட்டு வராது. வெந்நீர் ஒற்றிப் பார்த்தாள். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். தடவிக் கொடுத்துப் பேசிப் பார்த்தாள். உதைதான் கிடைத்தது. குண்டான் இரண்டு இடத்தில் நசுங்கியது, அம்மாவின் முழங்கை ஓரிடத்தில்.

ஆறாம் நாள் அப்பா சொன்னார். "ஞாயித்துக்கெழம தரகர வரச் சொல்லியிருக்கேன்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். அக்கா அப்போது ஒன்பதாவது. பக்கத்துத் தெருவில் இரண்டு பெண்களைத் திருப்பூர்ப் பக்கம் மில்லில் சேர்த்துவிட்ட ஆள், போன மாதமே எங்கள் வீட்டில் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். மாடு போனால் அடுத்துப் போகப்போவது அக்காதான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. எதிர்வீட்டுக்காரர் வந்து மாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவைத் திட்டினார்.

"கன்னுக்குட்டிய அப்படியே பொதச்சிட்டியேய்யா. தோல உரிச்சு வைக்கோல வச்சுத் தச்சு நிறுத்தியிருந்தா நக்கிக்கிட்டே கறந்துருக்கும். எங்க அப்பாரு நாலு மாசம் அப்படிக் கறந்திருக்காரு."

"இப்ப யாரு உரிக்கிறா, யாரு தைக்கிறா? ஆறேழு நாளாச்சு. தோலுக்கு எங்க போறது?" என்றார் அப்பா.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவள் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் ஜெர்கின் தொங்கியது.

சித்தப்பா மறுநாள் பெண் பார்க்கப் போவதற்காக முடி வெட்டிக்கொள்ளப் பெரம்பலூர் போயிருந்தார். அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் டீக்கடைக்குக் கிளம்பினார்கள். அம்மா குழாயடியில். நாங்கள் ஜெர்கினை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தோம்.

பாதி வேலையில் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டேய், இது ஆட்டுத்தோலுன்னு சித்தப்பா சொன்னாருல்ல? ஆட்டுத்தோலுக்கு மாடு பால் குடுக்குமா?"

"உள்ள லேபிளு இருக்கு. அதப் படிச்சிட்டா குடுக்கப் போவுது?" என்றேன். படிப்பில் எனக்கு அப்போதே பெரிய மரியாதை இல்லை.

ஜிப்பை மூடி, வைக்கோலைக் கழுத்து வழியாகத் திணித்தோம். கைகளிலும் திணித்து முன்னங்கால்களாக நிறுத்தினோம். ஒரு கை நீளம் என்பதால் கன்று கொஞ்சம் நொண்டி. செத்த கன்று படுத்திருந்த சாக்கு இன்னும் கொட்டகை மூலையில் கிடந்தது. கன்றின் வாசனை ஏறட்டும் என்று அதை வைத்து ஜெர்கின் முழுக்க அழுந்தத் தேய்த்தோம். கன்றின் கயிற்றைக் காலரில் கட்டினோம். தவிட்டில் உப்புத் தண்ணீர் தெளித்து முதுகில் அப்பினோம். கடைசியில் அது கன்று மாதிரியும் இல்லை, ஜெர்கின் மாதிரியும் இல்லை. சாராயம் குடித்துவிட்டுக் குப்புற விழுந்த ஆள் மாதிரி இருந்தது.

செவலை முன்னால் கொண்டுபோய் வைத்தோம். அது மிரண்டு பின்னால் போனது. மூச்சை ஒரு முறை பலமாக விட்டது. பிறகு கழுத்தை நீட்டி மோந்தது. மறுபடி பின்னால் போனது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். மூன்றாவது முறை மோந்துவிட்டு நாக்கை நீட்டி முதுகில் ஒரு நக்கு நக்கியது. அடுத்த நக்கு தோளில். அப்புறம் நிறுத்தவே இல்லை.

அக்கா ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்தாள். அம்மா குடத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டுக் குண்டானை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நசுங்கிய குண்டானின் அடியில் முதல் பீச்சு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அக்கா என் தோளைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

குண்டான் பாதி நிறைந்தபோது சித்தப்பா வந்துவிட்டார். புதிதாக வெட்டிய தலை, கழுத்தில் பவுடர். அவர் பின்னாலேயே அப்பா. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"அடப் பாவிகளா" என்று முதலில் வாயைத் திறந்தவர் அப்பா. "அது என்ன சட்டைன்னு தெரியுமாடா? நாளைக்கு அத மாட்டிக்கிட்டுப் போறதுக்கு..." மேலே சொல்லாமல் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"எடுத்துடாதீங்க தம்பி, எடுத்துடாதீங்க" என்றாள் அம்மா. திரும்பாமல், கறப்பதை நிறுத்தாமல், சித்தப்பாவிடம்தான் சொன்னாள். "கொஞ்சம் பொறுங்க. இந்தக் காம்பு முடியட்டும்."

சித்தப்பா ஜெர்கினையே பார்த்துக்கொண்டு நின்றார். செவலை அப்போது காலரை நக்கிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக நடந்து வந்து குனிந்தார். எடுக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, சரிந்திருந்த இடது கையை நிமிர்த்தி வைத்து, வைக்கோலை நன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"முழுசாக் கறங்க அண்ணி" என்றார். "இது இங்கயே கெடக்கட்டும். கம்பெனில இதுமாதிரி நூறு கெடக்கு. போனா இன்னொண்ணு எடுத்துக்குவேன்."

அப்பா ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் சித்தப்பா அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அரியலூர் போனார். மாலையில் ஒரு பொட்டலம் பக்கோடாவோடு திரும்பி வந்தார். பெண் வீட்டில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்களாம். அப்படிச் சொன்னவர்கள் எங்கள் ஊருக்கு யாரையும் அனுப்பவில்லை. ஜெர்கின் போட்டுப் போயிருந்தால் முடிந்திருக்கும் என்று நான் ஒரு வாரம் செவலையின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். பக்கோடா நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். மாட்டைக் கொடுக்கப் போவதில்லை என்று அப்பா சொன்னதும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி, மாட்ட வுடுங்க. கன்னுக்குட்டியக் குடுக்குறீங்களா?"

சித்தப்பா அன்று சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மாட்டு நாக்கு எப்படிச் சொரசொரப்பாக இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் ஜெர்கினின் தோள் இரண்டும் வழுவழுவென்று வெளுத்து, ஓரங்களில் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. சித்தப்பா ஒருநாள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை தெரிந்தவரின் பார்வை அது. "இந்தத் தேய்ப்பு எங்க ஆளுங்க யாருக்கும் வராதுடா. செவலைய அங்க சேத்துவுட்டா சூப்பர்வைசராக்கிடுவாங்க" என்றார்.

மாசி பிறந்தது. சித்தப்பாவின் லீவு முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. வாராவாரம் திங்கட்கிழமை காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, "இன்னிக்குப் போயிடணும். ஏழரை பஸ்ஸப் புடிக்கணும்" என்பார். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் விடிந்ததும் அவர் பையை எடுத்து ஒளித்து வைத்துவிடுவேன். ஒரு வாரம் தட்டைப் போருக்குள். ஒரு வாரம் கோழிக் கூண்டில். ஒரு வாரம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால். அவர் வீடு முழுக்கத் தேடுவார். பஸ் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடும். "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்.

எதற்கெடுத்தாலும் என் முதுகில் வைக்கிற அப்பா இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அந்தத் திங்கட்கிழமைகளிலும் உலையில் சித்தப்பாவுக்கும் சேர்த்தே அரிசி போட்டிருப்பாள். என் தந்திரம் பலித்தது என்று இருந்தேன்.

அக்கா பன்னிரண்டாவது வரைக்கும் படித்தாள். நான் எட்டாவதோடு நின்று ஊர் ஊராகப் போனேன். எங்கெங்கோ இருந்துவிட்டு ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, பேச்சுவாக்கில் அக்காதான் சொன்னாள். வெளிநாட்டு ஆர்டர் நின்று, அந்தக் கம்பெனி மார்கழிக்கு முன்னாலேயே பாதிப் பேரை அனுப்பிவிட்டது. கடைசி நாளில் சித்தப்பா கையோடு கொண்டுவந்தது அந்த ஒரு ஜெர்கின்தான். அரியலூர்ப் பெண் வீட்டில் அவரே வேலை போனதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்று மாலையே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நானும் அதற்குள் இரண்டு மூன்று இடங்களிலிருந்து அப்படி அனுப்பப்பட்டவன் என்பதால் எனக்கு அது பெரிய செய்தியாக இல்லை. அந்தத் திங்கட்கிழமைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். முக்கியமாகக் கோழிக் கூண்டில் வைத்த வாரம். கூண்டுக்கு வெளியே பையின் காது ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதற்குப் பக்கத்திலேயே நின்று, இடுப்பில் கைவைத்து, வானத்தைப் பார்த்து, "எங்கதாண்டா போயிருக்கும்?" என்று என்னைக் கேட்டார். இவ்வளவு பெரிய ஆளுக்குக் கண் தெரியவில்லையே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.