ஊமத்தைப் புகையும் வெறுங்கையும்

இராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்கிறேன். இரைப்பு நோய் வெகுகாலமாக என்னோடு குடியிருக்கிறது. மூச்சு இழுத்துக்கொண்டால் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பேன்; நெஞ்சு கொஞ்சம் திறந்துகொள்ளும். என்னைப் போலப் புகைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆடிக் காற்றில் ஒரு சுருட்டுக்கு இழுப்பு அடங்கவில்லை. நாவும் தொண்டையும்தான் வறண்டன. சளி வற்றுகிறது என்று எண்ணி, அடுத்தடுத்துப் புகைத்தேன். மூச்சு இலகுவாயிற்று. ஆனால் வீடெங்கும் பஞ்சு பறந்தது. தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியின் உள்ளங்கையிலும் பஞ்சு இருந்தது. அதைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"என்னத்தப் பொறுக்குறீக? கை சும்மாத்தான இருக்கு" என்றாள்.

"இம்புட்டுப் பஞ்சு கெடக்கு, ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கடிந்துகொண்டேன். பிறகு நடந்தது நினைவில்லை.

மாட்டுவண்டியில் கிடத்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, இங்கிலீஷ் வைத்தியரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். புத்தி தெளிந்ததும் அவர் சொன்னார்: "மூச்சுக்குழலை இறுக்குற நரம்பை அந்தப் புகை தளர வைக்கும். கூடிப்போனா புத்தியும் தளந்துரும். நாக்கு வறண்டா அதோட நிறுத்திரணும்."

"வியாதி தீருமா?" என்று கேட்டேன்.

"தீராது" என்றார்.

ஆகவே இன்னும் புகைக்கிறேன். இலை மட்டும் மனைவியின் பெட்டியில் பூட்டியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டாம் முறை கேட்டால் வெறுங்கையை நீட்டி, "இதுல என்ன இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்பாள். ஒன்றுமில்லை என்றால்தான் பெட்டி திறக்கும். சில நாள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.